பிள்ளையைத் தனியாகக் கடைக்கு அனுப்புங்கள்

மேடைக்குப் பின்னால் சலங்கை கட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளே, அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலும் ஊக்குமாக நிற்கும் அம்மாக்களே!

இந்தச் சங்க விழாவில் பேச எனக்கு "நம் பிள்ளைகளும் தமிழும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பேசப்போவது பிள்ளைகளை நாம் எவ்வளவு கண்காணிக்கிறோம் என்பதைப் பற்றி. அதற்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, வருகிறேன்.

இங்கே டெக்சஸில் ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரில் ராத்திரி. வாட்ஸ்அப்பில் அப்பத்தா. பிள்ளையைப் பிடித்து இழுத்து வந்து போனுக்கு முன்னால் உட்கார வைக்கிறோம். "சாப்பிட்டியாடா தங்கம்?" என்கிறார் அப்பத்தா. பிள்ளை வாயைத் திறப்பதற்குள், கேமராவில் படாமல் பக்கத்தில் நிற்கும் அம்மா, "சாப்பிட்டேன் அப்பத்தான்னு சொல்லு." பிள்ளை சொல்கிறது. "என்ன சாப்பிட்ட?" "இட்லின்னு சொல்லு." அது சாப்பிட்டது கிண்ணம் நிறைய கார்ன்ஃப்ளேக்ஸ்! சிரிக்கிறீர்கள். எல்லார் வீட்டிலும் நடக்கிறது போலிருக்கிறது. அந்த ஐந்து நிமிடமும் அப்பத்தாவோடு பேசியது யார்? அம்மாதான். பிள்ளை வாயசைத்தது, அவ்வளவுதான்.

நான் வளர்ந்த விதம் வேறு. நான் அருப்புக்கோட்டைக்காரி. எங்கள் தெருமுனையில் ஒரு மாவு மில். அரைக்கப் போவது என் வேலை. வரமிளகாய், மல்லி, விரலி மஞ்சள் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் காயவைத்து, சம்படத்தில் போட்டு, மேலே ஒரு துணியைக் கட்டி அம்மா கையில் கொடுத்துவிடுவார். எனக்கு எட்டு வயதிருக்கும். மில்லுக்குப் போனால் வரிசை. நமக்கு முன்னால் யார் என்ன அரைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கேழ்வரகு அரைத்த கையோடு நம் மிளகாயைக் கொட்டிவிடக் கூடாது. அதைவிட, மிளகாய்க்குப் பின்னால் யாரும் கோதுமையை நீட்டிவிடக் கூடாது, ஊரே சண்டைக்கு வரும். தும்மிக்கொண்டே நிற்க வேண்டும். மில்காரர் மல்லியை ஒரு கை அள்ளிப் பார்ப்பார். "இன்னும் ஒரு வெயில் காயணும்னு அம்மாகிட்ட சொல்லு பாப்பா" என்பார். வீட்டுக்கு வந்து சொன்னால், "காஞ்சது போதும், அரைச்சுக் குடுக்கச் சொல்லு" என்று அம்மா திருப்பி அனுப்புவார். இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் தூது நான். யாருக்கும் கோபம் வராமல் சொல்லியாக வேண்டும். கூலியைக் கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்கி, கொதிக்கக் கொதிக்கப் பொடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வந்து, செய்தித்தாளை விரித்து ஆறப்போட வேண்டும். சூட்டோடு மூடினால் வண்டு வைக்கும். இதை எனக்கு யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை.

மில்லைப் பற்றி இன்னும் அரைமணி நேரம் பேசுவேன். சங்கச் செயலாளர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். போகட்டும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. "அந்தக் காலத்தில் நம்மை யாரும் கண்காணிக்கவில்லை, நாம் நன்றாகத்தானே வளர்ந்தோம்" என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அது பொய். இஸ்திரி வண்டிக்காரர் கண்காணித்தார். பெட்டிக்கடை அண்ணாச்சி கண்காணித்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி, நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நான் யாரோடு நின்று பேசினேன் என்பதை அம்மா காதில் சேர்த்துவிடுவார். பிள்ளை இருக்கும் இடத்தைக் காட்டும் இன்றைய லைஃப்360 செயலியைவிட அது வேகம்! அப்புறம், நான் பெரியவளானதும் மில்லுக்குப் போவது நின்றுபோனது. அதே சம்படம் தம்பி கைக்குப் போனது. நான் வாசல்படியோடு சரி. அதனால் அந்தக் காலத்தை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

இங்கே தெரு இருக்கிறது, தெருவில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் நாயின் பெயர் தெரிகிறது, அவர் பெயர் தெரிவதில்லை. பள்ளி விடும் நேரத்தில் கார் வரிசையில் நின்று பிள்ளையை ஏற்றி, வீட்டில் இறக்கி, நீச்சல், கணக்கு வகுப்பு, பரதம் என்று மறுபடி ஏற்றி இறக்குகிறோம். பயம் நியாயமானதுதான். துப்பாக்கிச் செய்தி வராத மாதம் உண்டா? நடைபாதையே இல்லாத சாலைகள் எத்தனை? நான் பயத்தைப் பழிக்கவில்லை.

"வெளியே விட்டால் போலீஸ் வரும்" என்று இன்னொரு பயம். பிள்ளைகளைத் தனியே நடக்க விட்டதற்காகச் சில மாநிலங்களில் பெற்றோர் விசாரணைக்கு ஆளானது உண்மைதான். அதனாலேயே 2018-இல் யூட்டா மாநிலம் முதன்முதலாகச் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் நம் டெக்சஸும் திருத்தியது. பிள்ளையின் முதிர்ச்சிக்கும், உடல்நிலைக்கும், வளர்ச்சிக்கும், பண்பாட்டுக்கும் ஏற்ற காரியங்களைத் தனியாகச் செய்ய விடுவது புறக்கணிப்பு ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கவனித்தீர்களா? பண்பாடு என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. மில்லுக்குப் போய் வளர்ந்த பண்பாடு நம்முடையது. அரசாங்கமே விட்டுக்கொடுத்த இடத்தில் நாம்தான் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. வாசலைப் பூட்டிய அதே வீட்டில், பத்து வயதுப் பிள்ளையின் கையில் போன் கதவே இல்லாமல் திறந்து கிடக்கிறது. தெருவில் விட வேண்டிய இடத்தில் கட்டிப்போட்டோம், இணையத்தில் கட்டிப்போட வேண்டிய இடத்தில் அவிழ்த்து விட்டோம் என்பதுதான் உளவியலாளர் ஜோனதன் ஹைட் 2024-இல் எழுதிய புத்தகத்தின் சாரம். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது வேறு விவாதம். ராத்திரி போன் படுக்கையறைக்குள் போகக் கூடாது என்று சொல்ல நமக்குச் சட்டம் எதற்கு? அங்கே கண்டிப்பாக இருங்கள். தயங்க வேண்டாம்.

சரி, எப்போது பிடிப்பது, எப்போது விடுவது? நம் டெக்சஸ் மாநிலமே வழி காட்டுகிறது. 15 வயதில் கார் ஓட்டப் பழகும் உரிமம் தருகிறார்கள், பக்கத்தில் பெரியவர் உட்கார வேண்டும். 16-இல் தனியாக ஓட்டலாம், ஆனால் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை கூடாது, வண்டியில் நண்பர்களை நிறைத்துக்கொள்ளவும் கூடாது. 18-இல் எல்லாத் தடையும் போய்விடும். காருக்கு இருக்கிற இந்தப் படிக்கட்டு நம் வீட்டில் மற்ற எதற்காவது இருக்கிறதா? 17 வயது வரை போனில் புள்ளியாகப் பின்தொடர்கிறோம். கல்லூரியில் சேர்ந்ததும், மாணவர் கல்விப் பதிவுகள் பற்றிய 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதிப்பெண்ணைப் பார்க்கும் உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது. 18 ஆனதும் மருத்துவர்கூடப் பிள்ளையிடம் கேட்காமல் நம்மிடம் பேச மாட்டார். ஒரே நாளில் கயிறு அறுந்தால் பிள்ளையும் தடுமாறும், நாமும் தடுமாறுவோம். படிப்படியாக விட்டவர்களுக்கு அந்த நாள் இன்னொரு பிறந்தநாள், அவ்வளவே.

இந்த இடத்தில் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. மகன் ராத்திரி பதினொரு மணிக்கு வந்தால், "சாப்பிட்டியா?" மகள் ஒன்பதரைக்கு வந்தால், "எங்க போன, யாரோட போன, ஏன் போனை எடுக்கல?" என் சம்படத்தைப் பிடுங்கித் தம்பியிடம் கொடுத்தது அருப்புக்கோட்டை. கடல் தாண்டி வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும் அதே வேலையைச் செய்வது நமக்கு அழகல்ல. விதி எதுவானாலும் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அதோ, பின்வரிசையில் பலமாகக் கைதட்டுவது யார்? பெண்பிள்ளைகள்தான்!

இப்போது தமிழுக்கு வருகிறேன். மில்காரரிடம் பேசியாக வேண்டும் என்ற கட்டாயத்தில் எனக்குத் தமிழ் வளர்ந்தது. என் சார்பில் பேச அங்கே யாரும் இல்லை. நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளியில் எழுத்து வருகிறது, பரிசும் வாங்குகிறார்கள், ஆனால் தமிழில் செய்து முடிக்க வேண்டிய காரியம் ஒன்றுகூட அவர்கள் கையில் இல்லை. எல்லாவற்றையும் நாமே பேசி முடித்துவிடுகிறோம். தவறாகப் பேசிவிடுவார்களோ என்று பயம். பேசட்டுமே! "அப்பத்தா, நீ செத்துப் போச்சா?" என்று ஒரு பேரன் கேட்டான். அவன் கேட்க நினைத்தது, "களைத்துப் போனீர்களா?" அப்பத்தா ஒரு வாரம் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வளர்ந்த உறவை நாம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து வளர்க்க முடியாது.

செயலாளரின் துண்டுச்சீட்டு வந்துவிட்டது. முடிக்கிறேன். பெற்றோர்களிடம் மூன்று வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவுக்கோ அம்மாச்சிக்கோ போனைப் போட்டுப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, அறையை விட்டு வெளியே போங்கள். கதவோரம் நின்று கேட்காதீர்கள். இந்தியக் கடைக்குப் போனால் நீங்கள் காரில் உட்காருங்கள், பட்டியலையும் பணத்தையும் கொடுத்துப் பிள்ளையை உள்ளே அனுப்புங்கள். கொத்தமல்லிக்குப் பதில் புதினா வந்தால் அன்றைக்குப் புதினாச் சட்னி. மூன்றாவது, அடுத்த ஆண்டு விழாவின் ஒரு பகுதியைப் பிள்ளைகளே தமிழில் நடத்தட்டும், மேடைக்குப் பின்னால் ஒரு பெற்றோரும் நிற்கக் கூடாது. தடுமாறினால் தடுமாறட்டும், நாம் கீழே உட்கார்ந்து கைதட்டுவோம். இதைச் சங்கச் செயற்குழு இன்றே தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.