பொறி பேசினாலும் பொறுப்பு முதலாளிக்கே!

(இராமநாதபுரம் வட்டார வணிகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எடைக்கல் பொய்த்தால் தண்டனை கல்லுக்கா, கடைக்காரருக்கா? படகு பாறையிலே மோதினால் சுக்கானையா கூண்டிலே ஏற்றுகிறோம்? முண்டு மிளகாயை நிறுத்துக் கொடுக்கும் மண்டிக்காரரும், பாம்பனிலே படகு விடும் சம்மாட்டியும் இதற்கு விடை அறிவர். ஆனால் வணிகத்திலே புகுந்துள்ள செயற்கை நுண்ணறிவுப் பொறியைக் காட்டி, "பிழை அதனுடையது, என்னுடையதன்று" என்று கைவிரிக்கும் வழக்கம் தலைதூக்குகிறது. அந்த வாதம் செல்லாது என்று சொல்லவே வந்தேன்.

கனடாவிலே நடந்ததைக் கேளுங்கள். பாட்டியைப் பறிகொடுத்த பயணி ஒருவர், ஏர் கனடா நிறுவனத்தின் இணையதளத்திலிருந்த உரையாடும் பொறியிடம், துக்கத்திற்குச் செல்வோருக்கான கட்டணச் சலுகை பற்றி வினவினார். பயணத்திற்குப் பின்னும் விண்ணப்பிக்கலாம் என்றது பொறி. நம்பிச் சென்று வந்தார், நிறுவனம் மறுத்தது. தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி உரு அந்தப் பொறி என்றுகூட வாதாடியது! 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு, பயணிக்கு இழப்பீடு தரச் சொல்லிற்று.

கனடாவின் கதை நமக்கெதற்கு என்பீர். இராமேசுவரத்துக்கே வருவோம். தீர்த்தமாட வருபவரிடம் விடுதியிலே ஆதார் நகல் வாங்குகிறோம். தொலைபேசி எண் வாங்குகிறோம். இவற்றை ஒரு பொறியிடம் ஒப்படைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பொறியை விற்றவர் பெங்களூரிலே. தகவல் உறங்கும் கிடங்கோ கடலுக்கு அப்பால்! அந்த நகல் களவு போனால் யார் பதில் சொல்வது?

செயற்கை நுண்ணறிவுக்கென இந்தியாவில் தனிச் சட்டம் இல்லையே என்று மகிழ்வோர் உண்டு. 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், இருக்கும் சட்டங்களையே முதலில் கைக்கொள்ளச் சொல்கின்றன. தவறான வாக்குறுதிக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. தகவலுக்கு, 2023 எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கூறிய தீர்ப்பின் வழி வந்தது அது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன; முதன்மைக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது.

அந்தச் சட்டம் சொல்வதென்ன? எதற்காகக் கேட்கிறோம் என்று கூறுக, ஒப்புதல் பெறுக, தேவைக்கு மேல் வாங்காதே, தேவை தீர்ந்ததும் அழித்துவிடு. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் இசைவு வேண்டும். தகுந்த காவலின்றித் தகவல் கசிந்தால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை! பொறியை இயக்குபவன் வேறொருவன் என்றாலும், பொறுப்பு அவனை ஏவிய நிறுவனத்திற்கே என்று எட்டாம் பிரிவு விளம்புகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும். கடலிலே மூழ்கிப் பாசி எடுக்கும் தாய், விளங்காத ஆங்கிலத்துக்குக் கைநாட்டு வைக்க வேண்டியதில்லை. தமிழிலே கேட்க அவளுக்கு உரிமை உண்டு!

ஆனால் தோழரே, குறையையும் மறைக்கலாகாது. அத்தனை கோடித் தண்டமும் போவது டில்லிக் கருவூலத்துக்கு. தகவலை இழந்த தாய்க்கு இந்தச் சட்டத்தில் ஒரு காசு இழப்பீடு இல்லை. முன்பிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் இழப்பீட்டுப் பிரிவையும் நீக்க இச்சட்டமே வழி செய்கிறது. பொய்ப் புகார், அற்பப் புகார் என்று முடிவானாலோ, அவள் மீதே 10,000 ரூபாய் வரை தண்டம்! காயம்பட்டவள் இங்கே; களிம்பு அங்கே. இதைத் திருத்தக் குரல் கொடுப்பது நம் கடமை.

அதுவரை வணிகர் காத்திருக்க வேண்டா. எந்தத் தகவல் எங்கே போகிறது என்று ஏட்டிலே எழுதி வையுங்கள். பொறி விற்பவரிடம் எழுத்திலே உடன்படிக்கை கேளுங்கள். அறிவிப்பைத் தமிழிலே தொங்கவிடுங்கள். பொறி இல்லை என்று சொன்ன இடத்திலே, முறையீடு கேட்க ஒரு மனிதரை அமர்த்துங்கள்.

பொறியை வாங்கலாம், பொறுப்பை விற்க இயலாது!