மலைக்குப் போன கதை

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த செயலாளர் தங்கை, "அக்கா, நீங்க மூணு பேரும் மலை நடந்த கதையைச் சொல்லுங்க. படம் இருந்தா திரையில போடலாம்" என்றார். படங்கள் இருக்கின்றன. ஆனால் அநேகமான படங்களில் நான் ஏதாவது ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஆகையால் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். மலை என்ற சொல். பாடப்புத்தகத்தில் மலை என்றால் உயர்ந்த நிலம். நான் பிறந்த தோட்டத்தில் அப்படி இல்லை. "அம்மா எங்கே?" என்று யாராவது கேட்டால், "மலைக்குப் போயிட்டாங்க" என்போம். வேலைக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். தேயிலை நிற்கும் இடமும் மலை, ரப்பர் நிற்கும் இடமும் மலை. ஆற்றோரத்துச் சமதரையில் நின்றாலும் அது மலைதான். பேர் போட்டு, நிரை பிடித்து, கொழுந்தோ பாலோ நிறுத்துக் கொடுத்து, இருட்டுவதற்குள் இறங்கி வரும் இடம். சும்மா மலைக்குப் போகிறவர் எங்கள் பக்கத்தில் எவரும் இல்லை. அப்படிப் போன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான், அதுவும் அறுபத்து மூன்றாவது வயதில்.

எங்கள் வகுப்பு வலைப்பந்துக் குழுவின் தலைவியை உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது ரொறன்ரோவில் பேத்திகளோடு இருக்கிறாள். 2025 ஜனவரியில், பனிக்குப் பயந்து மூன்று மாதம் இங்கே வந்தாள். வந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்டளை போட்டாள்: "பெக்கோ ட்ரெயில் நடக்கப் போறோம். யார் வாறீங்க?" இருபத்தாறு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். புறப்பட்டது மூன்று பேர்: அவள், நான், விடுதியில் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஏழு வருடம் படுத்த மாத்தளைக்காரி.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன் பக்கம், ஹோட்டன் சமவெளி, ஹப்புத்தளை, எல்ல என்று ஒரு பெரிய வளையம் போட்டு, நுவரெலியாவில் பீட்று தோட்டத்தில் முடியும் நடைபாதை இது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், இருபத்திரண்டு கட்டங்கள். புதிதாக வெட்டிய பாதை என்று நினைக்காதீர்கள். பெரும்பகுதி, தேயிலையைத் தொழிற்சாலைக்கும் பட்டணத்துக்கும் வண்டியில் கொண்டுபோக வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் வெட்டிய பாதைகள். இப்போது அவற்றுக்குக் கம்பமும் அம்புக்குறியும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் இருபத்திரண்டையும் நடக்கவில்லை. மூன்று மாத வார இறுதிகளில் எட்டுக் கட்டங்கள் முடித்தோம். எங்கள் முழங்கால்களுக்கு அதுவே அதிகம்.

முதல் நாள் ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகத்தின் முன்னால் நின்றோம். அந்தக் கட்டடம் 1925இல் தொழிற்சாலையாகக் கட்டப்பட்டது. "நம்ம சங்கத்துக்கும் இதுக்கும் ஒரே வயசு, ஆனா இது நம்மளை விட நேராக நிக்குது" என்றாள் தலைவி. அரை மணி நேர ஏற்றத்திலேயே என் கதை முடிந்துவிட்டது. புதுச் சப்பாத்து குதிகாலைக் கடித்தது. அம்மா வெறுங்காலோடு இந்த மாதிரி ஏற்றத்தில் தினமும் ஏறியவர். அவர் குதிகால் வெடிப்புகளில் இரவில் மெழுகுதிரி உருக்கி விடுவோம். அந்த ஞாபகம் அத்தனை வருடம் எங்கே போயிருந்ததோ, சப்பாத்துக் கடித்ததும் வந்தது.

லூல்கந்துரவில்தான் எனக்கு வேறு ஒரு சங்கடம் தொடங்கியது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்ட இடம். இந்த நாட்டின் தேயிலை வியாபாரம் அங்கிருந்துதான் கணக்கு வைக்கப்படுகிறது. அவர் உட்கார்ந்து பார்த்த கல்லிருக்கை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். காட்சி அழகுதான், மறுக்க மாட்டேன். கண்டி மஹய்யாவையில் அவருடைய கல்லறையும் இருக்கிறது. அந்தப் பத்தொன்பது ஏக்கரைக் கொத்தியவர்களுக்கு இருக்கையும் இல்லை, கல்லறையும் இல்லை. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே வந்தவர்களின் வம்சம் நாம். வழியில் வாந்திபேதியிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். இந்த நாட்டின் மிகப் பெரிய நடை அதுதான். அதற்கு இன்னும் ஒருவரும் அம்புக்குறி வைக்கவில்லை.

சங்கடம் என்று சொன்னது அதை அல்ல. மாத்தளைக்காரி ஒரு மலையைக் காட்டி, "ஐயோ, இவ்வளவு செடியும் பட்டுப் போச்சே" என்றாள். நான் யோசிக்காமலே, "படல்லடி, கவ்வாத்து வெட்டியிருக்கு. ரெண்டு மூணு மாசத்துல தளிர்க்கும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இது கான், மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிப் போகாமல் இருக்க வெட்டுவது. அந்தத் தகரக் கூரை கொழுந்து நிறுக்கும் மடுவம். அதோ அது பிள்ளைக்காம்பரா, பால்குடிப் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள் என்று வாய் தானாகப் பேசிக்கொண்டே போனது. அவள் நின்றாள். "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? உங்க அப்பாவுக்குப் புளத்கொகுபிட்டிய டவுன்ல கடைதானே?" என்றாள்.

அப்பாவுக்குக் கடை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அப்படி நினைக்க விட்டது நான்தான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதி நான் விடுதிக்கு வந்தேன். விலாசம் எழுதும்போதெல்லாம் தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, புளத்கொகுபிட்டிய என்று மட்டும் எழுதினேன். ஓட்டோகிராப் புத்தகங்களிலும் அப்படியே. உங்களில் சிலரிடம் அந்தப் புத்தகங்கள் இன்னும் இருந்தால் போய்ப் பாருங்கள். 1976 ஏப்ரல் விடுமுறைக்கு இவள், "உங்க வீட்டுக்கு ஒரு கிழமை வரட்டா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றேன். அடுத்த வருடம் கேட்டாள். தங்கைக்கு அம்மை போட்டிருக்கிறது என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை.

லூல்கந்துரவிலும் நான் பதில் சொல்லவில்லை. "படிச்சிருக்கேன்" என்றேன்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, ஒரு வளைவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள். அவர்களில் மூத்தவர், "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டார். "சும்மா நடக்கிறோம்" என்றாள் தலைவி. "சும்மாவா? எதுக்கு?" "உடம்புக்கு நல்லதுன்னு." அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், கேலியாக அல்ல, ஆச்சரியமாக. "அப்படின்னா எங்க உடம்பு இரும்பால்ல இருக்கணும்" என்றார் அந்த அம்மா. அவருக்கு அன்றைய அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா. என் சப்பாத்தின் விலை அவருக்கு இரண்டு கிழமைச் சம்பளத்துக்கு மேல். இதைச் சொல்வது உங்களை நடக்காமல் தடுக்க அல்ல. போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் வழியில் கொழுந்தெடுக்கிறவர்களைப் படம் பிடிக்கும் முன் பெயரைக் கேளுங்கள். லயத்து வாசல் பாதையாக இருந்தால் கும்பிட்டுவிட்டுப் போங்கள். அது அவர்களுடைய இஸ்தோப்பு.

போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. ஜனவரி முதல் மார்ச் வரை கண்டி, ஹட்டன் பக்கம் மழை குறைவு. ஊவாப் பக்கத்தை மார்ச்சுக்கு வையுங்கள். காலை ஆறரைக்கே புறப்படுங்கள், பகலுக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் முன்னால் போகிறவளின் முதுகுகூடத் தெரியாது. அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் உலர்த்தித் தேய்த்தால் போதும். விலை கூடிய மருந்தெல்லாம் தலைவி ரொறன்ரோவில் இருந்து கொண்டுவந்தாள், அட்டைகள் அதை ருசித்தே குடித்தன.

மார்ச்சில் ஹப்புத்தளையில் தங்கினோம். விடியற்காலையில் அங்கே நின்று தெற்கே பார்த்தால் நாடு முழுவதும் காலடியில் இறங்கிப்போவது போல் இருக்கும். தங்குமிடத்துப் பையன் கையை நீட்டி, "அந்தப் பக்கம் கொஸ்லந்தை, மீரியபெத்தை" என்றான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மண் இறங்கி லயங்களை மூடிய இடம். தலைவி பேச்சை நிறுத்தினாள். எனக்கு நினைவு அங்கே நிற்கவில்லை. 2016 மே 17ஆம் திகதிக்குப் போனது. அன்று எங்கள் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. செய்தியெல்லாம் அதுவாகவே இருந்தது. அதே நாளில் புளத்கொகுபிட்டியவில் களுபஹன தோட்டத்தில் ஒரு லயம் மண்ணுக்குள் போனது. நான் பிறந்தது வேறு தோட்டம்தான், ஆனால் அந்த மழையும் அந்த மண்ணும் ஒன்று. செய்தி கேட்டு நாள் முழுக்கத் தொலைபேசி போட்டுப் பார்த்தேன், எவரும் எடுக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குச் சித்தி மகன் எடுத்து, "நாங்க கோயில் மடத்துல இருக்கோம்" என்றான். அந்த நாளில் என்னைச் சுற்றி இருந்த ஒருவருக்கும் நான் ஏன் அழுகிறேன் என்று தெரியாது. சொல்வதற்கு நான் ஊரே வைத்துக்கொள்ளவில்லையே.

மலைச்சரிவுகளில் லயங்களை எங்கே கட்டுவது என்பதைக் கட்டியவர்கள் முடிவு செய்தார்கள், குடியிருந்தவர்கள் அல்ல. நல்ல காட்சி தெரியும் மேட்டில் பங்களா. சரிவில், கானுக்குப் பக்கத்தில் லயம். எட்டுக் கட்டம் நடந்ததில் இந்த ஒழுங்கு எங்கேயும் மாறி இருக்கக் காணவில்லை. நாம் 'வியூ' என்று நின்று படம் பிடிக்கும் இடங்களில் பல, அன்று துரை தன் வேலையாட்களை எண்ணிப் பார்த்த இடங்களாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அன்று இரவு ஹப்புத்தளையில், மூன்று போர்வைக்குள் இருந்துகொண்டு, இருவருக்கும் சொன்னேன். அம்மா ரப்பர் பால் வெட்டியவர். பிறகு முட்டி விட்டுப்போன பின் கொழுந்துக்கு மாற்றினார்கள். எங்களுக்கு ஒரு காம்பராவும் ஒரு இஸ்தோப்பும், ஆறு பேர். தலைவி ஏதோ ஆறுதல் சொன்னாள். மாத்தளைக்காரி ஒன்றுமே சொல்லவில்லை. கோபம் என்று நினைத்தேன். காலையில், "அடுத்த கிழமை எந்தக் கட்டம்?" என்று கேட்டாள் தலைவி. "கட்டம் இல்லை. புளத்கொகுபிட்டிய" என்றாள் இவள்.

கேகாலையில் இருந்து பஸ்ஸில் போனோம். எங்கள் பக்கத்தைப் பெக்கோ ட்ரெயில் தொடாது. அது உயர்ந்த மலைகளின் பாதை. எங்களுடையது தாழ்ந்த பிரதேசம், வியர்வை, ரப்பர், அதன் மேலே கொஞ்சம் தேயிலை. தை, மாசியில் இலை உதிர்த்த ரப்பர் மரங்கள் பங்குனியில் புதுத் தளிர் விட்டு, வெயில் பச்சையாக விழுந்துகொண்டிருந்தது. தார் வீதியில் இறங்கி நாற்பது நிமிட ஏற்றம். இதே ஏற்றத்தில்தான் விடுமுறைக்கு வரும்போது என் தகரப் பெட்டியை அம்மா தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போவார். நான் பின்னால், பாடசாலைச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி. வழியில் சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்தாமல் வந்த முதல் விருந்தாளிகள் இவர்கள் இருவரும்.

லயம் இன்னும் நிற்கிறது. கூரைத் தகரம் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் காம்பராவில் இப்போது சித்தி மகன் குடும்பம். 2016க்குப் பிறகு வேறு இடம் தருவதாகச் சொன்னார்கள், இன்னும் காத்திருக்கிறார்கள். பின்பக்கத்து மண்மேட்டில் ஒரு வெடிப்பு. மழை பெய்தால் இரவில் ஒருவர் விழித்திருப்பார் என்றாள் அவன் மனைவி, சோறு வடிப்பதைச் சொல்வது போல. ஒரு நிமிடம் நாங்கள் மூவரும் அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சங்கத்தின் மூலம் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். மேடையை விட்டு இறங்கியதும் செயற்குழுவிடம் பேசப் போகிறேன், முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன்.

இஸ்தோப்பில் பாய் விரித்தார்கள். மாத்தளைக்காரி சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். நீலம் போட்ட சுண்ணாம்பு, இடுப்பளவு உயரத்துக்குப் பிள்ளைகளின் கைத்தடம்.

"வெள்ளையடிச்சு முடிச்சிட்டாங்களாடி?" என்றாள்.

நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்க, உள்ளிருந்து சாயத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் வந்தன. அவள் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.