லயத்துச் சுவரில் பூஞ்சணம்
(தாய்மார் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வைகாசி பிறந்தால் ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மழை விடாது. தகரப்பெட்டியைத் திறந்தால் கலியாணச் சேலையில் கறுப்புப் புள்ளி. பிள்ளையின் கொப்பித் தாள்கள் ஒட்டிக் கிடக்கும். "மலைநாடு, அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் செலவு நம்ம தலையில்தான். பிள்ளைக்கு ராத்திரி முழுக்க இழுப்பு என்றால், விடிந்ததும் தாய் மலைக்குப் போக முடியுமா? பஸ் காசும் போச்சு, அன்றைய பேரும் போச்சு. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இருமலும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டே சொல்லியிருக்கிறது.

இதற்கு நாம் செய்வது என்ன? தீபாவளி அட்வான்ஸில் ஒரு பங்கை பெயின்டுக்குக் கொடுக்கிறோம். அடுத்த மழைக்கு அது பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. பூஞ்சணம் சுவரைத் தின்று வளர்வதில்லை, ஈரத்தில் வளர்கிறது. ஈரத்தை விட்டுவிட்டு பெயின்ட் வாங்குவது வீண் காசு.

ஈரம் எங்கிருந்து வருகிறது? இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு அடி சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் தண்ணீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பொலித்தீனுக்கு வெளிப்புறம், அதாவது காம்பராப் பக்கம், வேர்த்திருந்தால் அது நம்ம வீட்டு ஆவி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்தாறு பேரின் மூச்சு, சோற்றுப் பானை, உள்ளே காயும் நனைந்த உடுப்பு எல்லாம் அந்த ஆவிதான். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்துவிட்டால் அது எங்கே போகும்?

வீட்டு ஆவி என்றால் மருந்து நம்ம கையில். சமைக்கும்போது கொஞ்ச நேரமாவது ஜன்னலைத் திறவுங்கள். உடுப்பை இஸ்தோப்பில் காயப்போடுங்கள். கட்டிலையும் பெட்டியையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இருக்கிற கறுப்பைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்தபடி தும்புத்தடியால் தட்டினால் தூள் பறந்து நெஞ்சுக்குள் போகும். இழுப்புள்ள பிள்ளையை அந்த நேரம் வெளியே அனுப்பிவிடுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடித்தால் போதும், விலையும் குறைவு. பூஞ்சணம் பிடித்த கச்சானையும் சோளத்தையும் மட்டும் கழுவி எடுக்க வேண்டாம். அந்த நஞ்சு வேக வைத்தாலும் போகாது.

சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம் வேற கதை. கூரைத் தகரம் ஓட்டை, லயத்துக்குப் பின்னால் கான் அடைப்பு, மண்மேடு சுவரில் சாய்ந்து கிடப்பது. கானைச் சனிக்கிழமை நாலு வீட்டார் சேர்ந்து துப்புரவாக்கலாம். மண்மேட்டை மட்டும் தன்னிஷ்டத்துக்கு வெட்டாதீர்கள். 2014 ஐப்பசியில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடியதை மறந்துவிடக் கூடாது. அதை வெட்டலாமா என்று தெரிந்தவர்கள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

கூரையும் மேடும் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை. வாயால் சொன்னால் மறந்துபோகும். லய இலக்கம், காம்பரா இலக்கம், ஒழுகும் இடம், திகதி எழுதி, லயத்தார் எல்லாரும் கையொப்பம் வைத்து ஆபீசில் கொடுங்கள். ஒரு பிரதியில் "கிடைத்தது" என்று எழுதி வாங்கி வையுங்கள். சித்திரை முடியுமுன் கொடுத்தால்தான் மழைக்கு முந்தி வேலை நடக்கும்.