நைனியப்பப் பிள்ளை: வாழ்வும் வழக்கும்



நம் ஊரை உருவாக்கிய முன்னோடி ஒருவரைப் பற்றி இப்பத்தாம் ஆண்டு விழாவில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றித்தான் பேசுவேன் என்று பலர் எதிர்பார்த்திருக்கலாம். புதுச்சேரியில் தமிழ் பயின்றவர் எவரும் அவர் வாசலைத் தொடாமல் செல்ல இயலாது. ஆயினும் அவருக்கு ஒரு தலைமுறை முற்பட்டவரை, அவர் தந்தையார் திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனரை, இன்று உங்கள் முன் நிறுத்த விழைகிறேன். அவர்தாம் நைனியப்பப் பிள்ளை. அவர் பெயரில் நம் நகரில் ஒரு வீதி உண்டு. அவர் யார் என்று என் வகுப்பில் வினவினேன். "அந்தத் தெருவில்தான் எங்கள் அத்தை வீடு இருக்கிறது, அம்மா" என்றாள் ஒரு மாணவி. அதற்கு மேல் விடை வரவில்லை. அன்றே இவ்வுரையின் பொருள் முடிவாகிவிட்டது.

பிரான்சுவா மர்த்தேன் 1674இல் இங்கு வந்து தங்கியபோது புதுச்சேரி ஒரு சிறு கடற்கரை ஊர். ஏறத்தாழ அக்காலத்திலேயே சென்னைப் பகுதியிலிருந்து இளைஞராக இங்கு வந்து குடியேறியவர் நைனியப்பர். 1693இல் ஊரை ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1699இல் அது பிரெஞ்சியர் கைக்கு மீண்டது. கொடி மாறிய அந்த ஊரில் துணி வணிகம் தழைத்தது. துணி வேண்டுமென்றால் நெசவாளர்க்கு முன்பணம் தர வேண்டும். வணிகரை அழைத்துவர வேண்டும். தறிக்காரரும் சாயக்காரரும் குடிவர வேண்டும். கப்பலில் வந்த வெள்ளையருக்கு இவர்களுள் ஒருவரையும் தெரியாது. இரு சாராருக்கும் இடையே நின்று, இருவரும் நம்பத்தக்க சொல்லைச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். 1708இல் ஆளுநர் எபேர் அப்பொறுப்பை நைனியப்பரிடம் ஒப்படைத்தார். கம்பெனியின் தலைமைத் தரகர் என்பது பதவியின் ஒரு பாதி. ஊர்த் தமிழர்களின் தலைவர் என்பது மறுபாதி. ஊரார் குறையை ஆளுநரிடம் எடுத்துரைப்பதும், ஆளுநர் ஆணையை ஊரார்க்கு விளக்குவதும் அவர் கடமைகள்.

அவரை மாசு மறுவற்றவர் என்று நான் போற்ற வரவில்லை. அந்நியக் கம்பெனியின் ஆதாயத்துக்காக உழைத்தவர் அவர். அதில் தம் ஆதாயத்தையும் கண்டவர். ஆனால் குடிகள் தங்கி வாழும் நகரமாகப் புதுச்சேரி வளர்ந்ததில் இத்தகையோர் பங்கு பெரிது. மதில் கட்டியவர் பெயர் கல்வெட்டில் நிற்கும். மனிதரை அழைத்து வந்தவர் பெயர் எதில் நிற்கும்?

இனி வழக்குக்கு வருகிறேன். நைனியப்பர் இந்து சமயத்தவர். அத்தகைய உயர்பதவியில் கிறித்தவர் ஒருவரே அமர வேண்டும் என்று சேசு சபையார் நெடுநாள் வற்புறுத்தி வந்தனர். அவர் கிறித்தவ ஏழைகளுக்கு அறம் செய்து செபமாலைகள் வழங்கினார். அச்செயலும் அவர்கள் கண்ணில் குற்றமாகவே பட்டது. இடையில் பதவியிழந்து பிரான்சு சென்ற எபேர், 1715இல் மீண்டும் இங்கு வந்தார். அடுத்த ஆண்டு, 1716 பிப்ரவரியில், தாம் உயர்த்திய நைனியப்பரைத் தாமே சிறைப்படுத்தினார். கொடுங்கோன்மை புரிந்தார், கலகம் தூண்டினார் என்பன குற்றச்சாட்டுகள். உறவினரும் உடன் சிறைப்பட்டனர்.

கவிஞர் பெருமக்களே, இவ்வழக்கில் நாம் உற்று நோக்க வேண்டியது அதன் மொழியை. சாட்சிகள் தமிழில் பேசினர். அது போர்த்துக்கீசியத்தில் பெயர்க்கப்பட்டு, அங்கிருந்து பிரெஞ்சில் ஏறியது. ஒருவன் சொன்ன சொல் இரண்டு ஆறுகளைக் கடந்து ஏட்டில் கரையேறியது. கடந்தபின் அது அவன் சொல்லாகவே இருந்ததா என்பதைத் தமிழ் மட்டும் அறிந்தவன் எவ்வாறு சரிபார்ப்பான்? மொழிபெயர்த்தவரோ சேசு சபையாரின் உபதேசியார் ஒருவரின் மகன். தமக்குப் புரியாத பிரெஞ்சுத் தாளில் ஒப்பமிட நேர்ந்தது என்று சாட்சிகள் சிலர் பின்னாளில் முறையிட்டனர். இரு கரைகளுக்கும் நடுவே நின்று சொற்களை மாற்றித் தந்தே உயர்ந்த நைனியப்பர், இறுதியில் பிறர் மாற்றித் தந்த சொற்களால் வீழ்ந்தார்.

1716 சூனில் தீர்ப்பு வந்தது. கடைத்தெருவில் ஊரார் முன்னிலையில் 50 கசையடி. மூன்றாண்டுச் சிறை. 8,888 வராகன் தண்டம். எந்த அங்காடிக்கு அவர் வணிகரை அழைத்து வந்தாரோ, அந்த அங்காடியில்தான் அவர் முதுகில் அடி விழுந்தது. சிறைக்காலம் முடியும்வரை அவர் உயிர் வாழவில்லை. 1717இல் சிறையிலேயே மாண்டார்.

வழக்கு அவரோடு மாளவில்லை. மைந்தர்கள் பிரான்சு அரசிடம் முறையிட்டனர். சேசு சபையாரோடு மாறுபட்டிருந்த பாரிசு மறைப்பணிச் சபையாரும், சேன் மாலோ நகர வணிகரும் துணை நின்றனர். எபேர் 1718இல் பதவி இழந்தார். அரச மன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. இறந்தவரின் பெயர் மீட்கப்பட்டது. மூத்த மைந்தர் குருவப்பர் கடல் கடந்து பாரிசு சென்று, 1721இல் அங்கே திருமுழுக்குப் பெற்றார். சிறுவரான அரசருக்காக ஆட்சி நடத்திய ஓர்லியான் கோமகனே அவருக்கு ஞானத்தந்தையானார். தூய மிக்கேல் விருதும் கிடைத்தது. செவாலியே குருவப்பராக ஊர் திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்த அவர், 1724இல் காலமானார். தந்தை பெறாத நீதியைப் பெறுவதற்கு மைந்தர் எவற்றையெல்லாம் கடக்க வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வழக்கின் ஏடுகளுள் பல இன்று பிரான்சில், ஏக்ஸ் நகரக் குடியேற்ற நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றை ஆராய்ந்து டான்னா அக்மோன் என்னும் வரலாற்றறிஞர் 2017இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நம் தெருப்பெயரின் கதையை நாம் பிறமொழி வழியாகவே கற்க வேண்டியிருக்கிறது.

நைனியப்பர் மாண்டபோது, 1709இல் பெரம்பூரில் பிறந்த ஆனந்தரங்கருக்கு எட்டு வயது. அச்சிறுவர் வளர்ந்து, 1736 செப்டம்பர் 6 முதல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த 1761 சனவரியில் தாம் கண்மூடும் காலம்வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதினார். பிரெஞ்சும் போர்த்துக்கீசியமும் பாரசீகமும் கலந்த, நாள்தோறும் புழங்கிய அந்தத் தமிழில் எழுதினார். மாமன் பட்ட பாட்டை எண்ணித்தான் எழுதினார் என்று நான் துணிந்து கூறேன். அது என் ஊகம். ஆனால் விளைவை ஊகிக்க வேண்டியதில்லை. 1748இல் வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டபோது அதைத் தமிழில் பதிவு செய்ய ஒரு கை இருந்தது. 1716இல் கடைத்தெருவில் கசையடி விழுந்தபோது அத்தகைய ஏடொன்று நமக்கு வாய்க்கவில்லை. முன்னதில் நம் ஊர் தானே பேசுகிறது. பின்னதில் நம் ஊரைப் பற்றிப் பிறர் பேசுகிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவுதான் இலக்கிய வட்டம் ஒன்றின் வேலை என்று நான் கருதுகிறேன்.

என் குடும்பச் செய்தி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் வீட்டு மரப்பெட்டியில் என் பாட்டனாரின் காலத்துப் பத்திரம் ஒன்று இருக்கிறது. முழுவதும் பிரெஞ்சு. அடியில் அவருடைய தமிழ்க் கையொப்பம் மட்டும், கோணல்மாணலாக. தாம் எதற்கு ஒப்பமிட்டோம் என்பதை அவர் கடைசிவரை தரகர் சொல்லக் கேட்டே அறிந்திருந்தார். நிலத்தில் ஒரு பகுதி கைவிட்டுப் போன பிறகே தாளில் இருந்த சொல் வேறு என்று தெரிந்தது. முனைவர் பட்டம் பெற்ற பின்னும் அப்பத்திரத்தை நான் பிறர் துணையின்றிப் படிக்க முடிந்ததில்லை. உங்களுள் பலர் வீட்டிலும் இத்தகைய பெட்டி இருக்கும்.

ஆகவே வட்டத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த பத்தாண்டுகளில் மாதம் ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். அதன் பெயருக்கு உரியவர் யார் என்று தேடுவோம். வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பத்திரங்களைப் பிரெஞ்சு அறிந்த முதியோர் இருக்கும்போதே படிக்கச் செய்து, தமிழில் எழுதி வைப்போம். கவிதை எழுதும் கைகளுக்கு இது குறைவான பணியன்று. முதற்கட்டுரைக்கு நைனியப்பப் பிள்ளை வீதியை நான் ஏற்கிறேன். அந்த மாணவியின் அத்தை வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்குகிறேன்.