பாசியும் ஒரு குளந்தான்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் கண்டாவளை விவசாயி ஒருவர் பேசியது)



1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் எங்களது. அப்பா கவ்வாத்து வெட்டியவர். இப்ப கண்டாவளையில் வயல் செய்கிறோம். இரணைமடுக் குளம் மாரி மழையைப் பிடித்து வைத்தால்தான் எங்களுக்குச் சிறுபோகம்.

உங்கள் மலைக்காட்டிலும் ஒரு குளம் இருக்குது. மரத்தைக் கம்பளி மாதிரி மூடியிருக்கிற பாசிதான் அது. பாசிக்கு வேர் கிடையாது. மழையையும் பனிமூட்டத்தையும் இலையாலேயே குடித்து, மெல்ல மெல்லச் சொட்டவிடும். மழை விட்ட பிறகும் ஓடை வற்றாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பாசிக்கு இன்று ஆபத்து. காட்டை வெட்டித்தான் முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் வைத்தார்கள். மிச்சமுள்ள ஹோட்டன் சமவெளிக் காட்டிலும் 1970களிலிருந்து மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. மரம் பட்டால் வெயில் உள்ளே இறங்கும். பாசி காய்ந்து உதிரும். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் கொடுக்கிற காடு அது!

கவ்வாத்துக்குப் பிறகு தேயிலைச் செடியில் பாசி சுரண்டுவது தொழில், அது வேறு. காட்டு மரத்தில் உரிக்காதீர்கள். பூச்சட்டிக்கென்று யாராவது காசு தந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். விறகுக்குப் பச்சை மரம் தறிக்காதீர்கள். பாசி வளர வருஷக்கணக்காகும். உரிக்க ஒரு நிமிஷம் போதும்.

உங்கள் லயத்துப் பீலித் தண்ணீர் அந்தக் காட்டில்தான் பிறக்குது.