தந்தை செல்வா கேட்ட தீர்ப்பு



வழக்குமன்றிற் புகழீட்டிய சா. ஜே. வே. செல்வநாயகம் 1947இல் காங்கேசன்துறையின் பிரதிநிதியானார். 1949இல் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1952இல் தோற்றார், 1956இல் மீண்டும் வென்றார். குடியேற்றக் காணி எவருக்கு என்பதை 1957, 1965 ஒப்பந்தங்களில் எழுதுவித்தார். உழவர் இதனை மறவார். முன்னது 1958இல் கைவிடப்பட்டது. பின்னது கூறிய மாவட்ட சபைகள் பிறக்கவேயில்லை.

1972ஆம் ஆண்டு அரசியலமைப்பைத் தமிழர் ஏற்றனரா? அதற்கு விடை கூறவேண்டியவர் மக்களே என்று, அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் தம் ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தலோ 1975 பெப்ரவரி வரை தாமதிக்கப்பட்டது. 76 வயதில் அவர் பெருவெற்றி பெற்றார்.

ஆசனம் உடைமையன்று, மக்கள் ஒப்படைத்த பொறுப்பு. இன்று எம்மிடம் வாக்குக் கேட்போரையும் நாம் இவ்வளவுகோலாலேயே அளப்போமாக!