பைக்குள் ஒரு வில்லுக்கத்தி



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது, சட்டைப்பையினுள் அடங்கிவிடுவது. மடக்குக்கத்தி என்றும், பேனாக்கத்தி என்றும், யாழ்ப்பாணத்தில் வில்லுக்கத்தி என்றும் வழங்கும் கருவியே அது. பொருள் சிறிதாயினும், அதனைத் தெரிவதிற் பிழை நேர்ந்தால் விலை கொடுப்பது நமது விரலே. ஆதலின், குறைந்த செலவில் நல்ல கத்தியொன்றைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதைச் சற்றே ஆராய்வோம்.

மடக்கி வைக்கும் கத்தி நமக்குப் புதியதன்று. ஏட்டில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என ஒன்று இருந்தது. எழுத்தாணியும், ஓலையை வாருவதற்குரிய சிறு கத்தியும் ஒரே பிடியில் அமைந்திருக்க, அவற்றை அப்பிடிக்குள்ளேயே மடக்கிக்கொள்வர். மேனாட்டிலோ இறகுப் பேனாவைச் சீவ எழுந்த கத்தி, பேனாக்கத்தி எனப் பெயர் பெற்றது. ஏடும் போயிற்று, இறகும் போயிற்று. கத்தியின் தேவை மட்டும் போகவில்லை. பொதியின் கயிற்றை அறுப்பதற்கும், மாங்காயைச் சீவுவதற்கும், பென்சிலைக் கூராக்குவதற்கும், பூங்கன்றின் கிளையை நறுக்குவதற்கும் அது இன்றும் வேண்டப்படுகிறது.

இவ்வேலைகளுக்கெல்லாம் ஏழு முதல் ஒன்பது சென்ரிமீற்றர் வரை நீளமுள்ள ஓர் அலகு போதும். பலர் ஏமாறும் இடம் இதுவே. தக்கைத் திருகி, கத்தரிக்கோல், அரம், வாள் எனப் பத்து உறுப்புகள் விரியும் கத்தியைக் கண்டவுடன் மனம் அதன்பாற் செல்கிறது. சுவிற்சர்லாந்தில் 1884ஆம் ஆண்டு கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறையிலிருந்து வந்த பல்லுறுப்புக் கத்தி உலகப் புகழ் பெற்றது. அது தகுதியால் வந்த புகழ். ஆனால் அதனைப் பார்த்துச் செய்த மலிவுப் பொருள்களின் நிலை வேறு. கொடுக்கும் சிறு பணம் பத்து உறுப்புகளுக்குப் பங்கிடப்படும்போது, எந்த உறுப்புக்கும் நல்ல உருக்குக் கிடைப்பதில்லை. குறைந்த பணத்துக்கு வாங்குவோர் ஓர் அலகுக் கத்தியையே நாடுதல் நன்று.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பிரான்சின் சவோய் மலைநாட்டிலே யோசேப்பு ஒப்பினெல் என்பவர் 1890ஆம் ஆண்டு அமைத்த கத்தி. ஓர் அலகு, ஒரு மரப்பிடி, இரண்டையும் இணைக்கும் ஒரு தறையாணி, இவ்வளவே. 1897இல் அளவு வாரியாக எண்கள் இடப்பட்டன. எட்டாம் எண் கத்தியின் அலகு எட்டரைச் சென்ரிமீற்றர். 1955இல், அலகு தானே மடங்காவண்ணம் தடுக்கும் சுழல் வளையம் சேர்க்கப்பட்டது. வேண்டாதது எதுவும் இன்மையால் விலை குறைந்தது. வேண்டியது குறையாமையால் மதிப்பு நிலைத்தது. குறையொன்றும் உண்டு: ஈரத்தில் மரப்பிடி பருத்து, அலகை விரிப்பது கடினமாகும். நீரிலே தொழில் செய்வோர் வேறு பிடியுள்ளதைத் தேடுக.

இனி, உருக்கைப் பற்றி ஒரு சொல். காபன் உருக்கு எளிதில் தீட்டப்படும். ஆனால் தேசிக்காய்ப் புளியும் கடற்காற்றும் பட்டால் கறுத்துத் துருவேறும். கறையில் உருக்கிலே நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாத குரோமியம் கலந்திருத்தலால் அது துருவை எளிதில் அணுகவிடாது. கரையோரத்தில் வாழ்வோருக்கும், கத்தியைத் துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாதோருக்கும் பின்னையதே ஏற்றது.

கடையில் நின்று செய்யத்தக்க சோதனைகள் மூன்று. அலகை விரித்து, அதன் இருபுறத்தையும் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். தறையாணி இருக்குமிடத்தில் ஆட்டம் தெரிந்தால் அதனை வைத்துவிடுங்கள். அலகை மடக்கிப் பாருங்கள். அது பிடியின் பக்கங்களில் உரசாமல் நடுவே படிதல் வேண்டும். மூன்றாவதாக, விரல்களை அலகின் வழியினின்று விலக்கிக்கொண்டு, அதன் முதுகைச் சிறிதே அழுத்துங்கள். பூட்டுள்ள கத்தியாயின் அது நெகிழலாகாது. வில்லுக்கத்திக்குப் பூட்டு இல்லை. உள்ளிருக்கும் வில்லின் அழுத்தமே அலகை நிறுத்துகிறது. ஆகவே அது தடையோடு மடங்க வேண்டுமேயன்றித் துவண்டு விழலாகாது. வில்லுக்கத்தியால் அறுக்கலாம், சீவலாம். எதையும் குத்தித் துளைத்தல் கூடாது. குத்தும்போது அலகு திரும்பி மடங்குவது, பிடித்திருக்கும் விரல்களின் மேலேதான்.

பூட்டுள்ளது எங்கும் சிறந்தது என்றும் எண்ணவேண்டாம். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டம், தக்க காரணமின்றிப் பொதுவிடத்திற் கொண்டுசெல்ல இடங்கொடுப்பது மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியை மாத்திரமே. விரித்த நிலையிற் பூட்டிக்கொள்ளும் கத்தி இவ்விலக்கில் அடங்காதென நீதிமன்றம் தீர்த்துள்ளது. அங்குள்ள உறவினருக்குப் பரிசளிக்க நினைப்போர் இதனை மனத்திற் கொள்க. விமானப் பயணத்திலே கத்தியைக் கைப்பையில் வைக்காது, பொதியறைக்குச் செல்லும் பெட்டியில் இடுக. மாணவர் எவரும் அதனைப் பாடசாலைக்குக் கொண்டுவருதல் தகாது. எங்கே எடுத்துச்செல்வது என்று அறிதலும், எங்கே வீட்டில் விட்டுச்செல்வது என்று அறிதலும் கத்தி உடையோனின் கடமை.

இறுதியாக, வாங்கும் பணத்தில் ஒரு பங்கைத் தீட்டுகல்லுக்கென ஒதுக்குங்கள். கல்லை நனைத்து, அலகை ஏறக்குறைய இருபது பாகை சரித்து, இருபுறமும் சம அளவில் மெல்லத் தீட்டுக. பின்னர் வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள்; வாயில் வெள்ளைக் கோடாக ஒளி தெறித்தால் அவ்விடம் இன்னும் மழுங்கல். கடதாசியை இழுபடாமல் அறுத்தால் வேலை முடிந்தது. மூட்டிலே தையற்பொறி எண்ணெய் ஒரு துளி போதும். மழுங்கிய கத்தி நம்மை அழுத்தச் செய்யும். அழுத்தும் கை வழுக்கும். வழுக்கிய கத்தி ஊனை நாடும். கூரிய கத்திக்கோ சிறு விசையே போதும்.

விலையுயர்ந்த கத்தியை வாங்கித் தீட்டாது வைத்திருப்பவனினும், எளிய கத்தியைக் கூர் கெடாது பேணுபவனே நல்ல கத்தி உடையவன். மூட்டு உறுதியாயிருக்கட்டும், உருக்கு இடத்துக்கு ஏற்றதாயிருக்கட்டும், கல் அருகிலிருக்கட்டும். மற்றவை அலங்காரமே.